பட்டன் தைக்காத சட்டை

2012 ஆடி மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில், எங்கள் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒருவர் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, பளபளப்பான ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையில், சிறு நிறுவனங்களுக்கான பிரிவில் பட்டியலிடப்பட்ட ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆண்டறிக்கை அது.

"தம்பி, நீங்கதான் ஆடிட்டர். எங்க சீட்டுப் பணத்தை இதில போடலாமா, பார்த்துச் சொல்லுங்க."

நான் மதுரையில் படித்து, 1999-இல் டர்பனுக்கு வந்து ஒரு நடுத்தரத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பேன். அப்படித்தான் இந்தக் குடும்பங்கள் பழக்கம். மொத்தம் 14 வீடுகள், மாதம் வீட்டுக்கு 300 ராண்ட். இங்கே ஆப்பிரிக்க மக்கள் இதை ஸ்டாக்வெல் என்பார்கள். நம்மவர்கள் பழைய பழக்கத்தில் சீட்டு என்றே சொல்கிறார்கள். கணக்கு நோட்டு அந்த அக்காவிடம் இருக்கும். மேகசீன் பாரக்ஸில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, அறுபதுகளில் அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. துணி ஆலையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் நோட்டில் ஒரு ராண்ட் தவறி நான் பார்த்ததில்லை.

நான் அந்த ஆண்டறிக்கையை 20 நிமிடம் புரட்டினேன். தணிக்கையாளர் அறிக்கையில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. லாபம் மூன்று ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்தது. போடலாம் என்றேன். அக்கா நோட்டை மூடவில்லை. "இந்த லாபம் எந்த பேங்க்ல இருக்குது தம்பி?" என்று கேட்டார்.

நான் பாடம் நடத்தினேன். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு. வேலை முடிந்தால் வருமானம் எழுதிவிடலாம், பணம் பிறகு வரும் என்றெல்லாம் விளக்கினேன். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் பாடம் கேட்கவில்லை. இந்த நிறுவனத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கான பதில் அதே புத்தகத்தில், நான் புரட்டாத பக்கத்தில் இருந்தது. அந்த ஒரு பக்கத்தை நான் பார்த்திருக்க வேண்டும்.

90,000 ராண்ட் போட்டார்கள்.

2014-இல் அந்த நிறுவனத்தின் முடிவுகள் வர வேண்டிய மாதத்தில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பங்குச் சந்தையின் செய்திச் சேவையில் ஒரு பத்தி அறிவிப்பு: தணிக்கையாளர் விலகிவிட்டார், முடிவுகள் தாமதமாகும். அப்புறம் நிதி இயக்குநர் சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகினார். அப்புறம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2015-இல் நிறுவனம் கலைப்புக்குப் போனது. வங்கிக்கும் தொழிலாளருக்கும் கொடுத்ததுபோகப் பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த 90,000-இல் ஒரு பெண்ணின் கல்யாணச் செலவும், ஒரு தாத்தாவின் கண் அறுவைக்கான பணமும் இருந்தன. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை வழக்கம்போல அனுப்பினார்கள். எனக்குத்தான் மண்டபத்தில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அந்தப் பழைய ஆண்டறிக்கையை எடுத்து, இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படித்தேன்.

தலைவர் உரையும் வண்ணப்படங்களும் முன்பக்கம். நிர்வாகம் சொல்ல விரும்புவது அங்கே இருக்கும். சட்டமும் கணக்கியல் தரங்களும் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், குறிப்புகளாக இருக்கும். முதலில் பணப்புழக்க அறிக்கையைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளும் லாபம் காட்டிய அந்த நிறுவனத்தில், தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த காசு இரண்டு ஆண்டுகள் கழித்தல் குறியோடு இருந்தது. வித்தியாசம் எங்கே போனது என்று தேடினால், வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய தொகை விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தது. அதற்குள்ளும் பெரிய பகுதி, பில் கூடப் போடாத வேலைக்கான தொகை. கட்டடம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று நிர்வாகமே மதிப்பிட்டு, அந்த அளவுக்கு வருமானம் எழுதிக்கொள்வது. இது அனுமதிக்கப்பட்ட முறைதான், கட்டுமானத் தொழிலில் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த எண்ணின் வேர் யாரோ ஒருவருடைய மதிப்பீடு.

இதை அக்காவிடம் விளக்கியபோது அவர் சட்டென்று சொன்னார்: "எங்க ஆலைல பட்டன் தைக்காத சட்டையை முடிஞ்ச கணக்குல சேர்த்தா சூப்பர்வைசர் தொலைச்சுடுவா. வெள்ளிக்கிழமை கூலி கூடுதலா வரும்ன்னு சில பேர் சேர்ப்பாங்க. திங்கக்கிழமை பட்டன் தைக்க ஆள் இல்லைன்னா அந்தச் சட்டை அங்கேயே கிடக்கும்."

27 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முன்கூட்டியே வருமானம் எழுதுவதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பு. ஓர் இயக்குநரின் குடும்பத்துக்குச் சொந்தமான நிறுவனத்திடமிருந்துதான் எந்திரங்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதே குடும்ப நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனும் கொடுத்திருந்தார்கள், திருப்பித் தர வேண்டிய தேதி எதுவும் குறிப்பிடாமல். எல்லாம் அச்சிட்டிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. படிக்க வேண்டியவன் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

தணிக்கை என்றால் என்ன என்று நம்மவர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. தணிக்கையாளர் அறிக்கை அப்படிச் சொல்வதில்லை. நியாயமான உறுதி என்றுதான் சொல்கிறது. முழு உறுதி என்று எங்கும் கிடையாது. ஒவ்வொரு பில்லையும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். முக்கியத்துவ வரம்பு என்று ஒன்று வைத்துக்கொள்கிறோம். வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது பல அலுவலகங்களில் புழங்கும் தொடக்கக் கணக்கு. அதற்குக் கீழே உள்ள பிழை, முதலீட்டாளரின் முடிவை மாற்றாது என்று வைத்துக்கொள்கிறோம். கணக்கைத் தயாரிப்பது நிறுவனம். அதை நிர்வாகக் குழு ஏற்கிறது. நாங்கள் பார்த்துக் கருத்துச் சொல்கிறோம். அந்தக் கருத்தும், பங்கு வாங்கலாமா வேண்டாமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

மதிப்பீட்டைத் தணிக்கை செய்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. டர்பனுக்கு வந்த சில வருடங்களில், வடகரையில், அதாவது டர்பனுக்கு வடக்கே உள்ள கடலோரப் பகுதியில், கரும்புத் தோட்டம் ஒன்றின் தணிக்கைக்கு அனுப்பினார்கள். கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அறுவடையோ ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஆக, ஆண்டு முடியும் நாளில் சொத்தில் பெரும்பகுதி வயலில் நின்றுகொண்டிருக்கிறது. நிற்கும் கரும்பை நியாய மதிப்பில் காட்ட வேண்டும் என்கிறது 41-ஆம் எண் சர்வதேசக் கணக்கியல் தரம். கிடங்கில் மூட்டை எண்ணலாம். வயலில் என்ன எண்ணுவது? தோட்ட மேலாளர் ஒரு மேட்டில் நின்று கையை நீட்டி, "அந்தப் பக்கம் ஹெக்டேருக்கு இத்தனை டன்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். அலுவலகத்தில் என் மேலதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அவர் சொன்னதைத் தவிர உன்னிடம் என்ன இருக்கிறது?"

மறுநாள் திரும்பிப் போனேன். ஆலையின் எடைச் சீட்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு லாரிக் கரும்பையும் ஆலை எடை போட்டு, சர்க்கரைச் சத்தையும் சோதித்துத்தான் பணம் கொடுக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த வயல்கள் உண்மையில் எத்தனை டன் கொடுத்தன என்று எடுத்தேன். நாங்கள் போனது ஜூன் மாதம் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வெட்டிய வயல்களின் சீட்டுகளும் கிடைத்தன. மார்ச் 31-இல் மேலாளர் சொன்ன அளவையும் அதே வயல் மே மாதத்தில் கொடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மதிப்பீட்டின் யோக்கியதை தெரிந்துவிடும். அந்தத் தோட்டத்தில் வித்தியாசம் சின்னதுதான், மேலாளர் நேர்மையானவர். ஆனால் சொல்பவரிடமிருந்து அல்லாமல் வேறு இடத்திலிருந்து ஆதாரம் தேடு என்ற பாடம் அன்றுதான் கைக்கு வந்தது. 2012-இல் கூழ் பாத்திரங்களுக்கு நடுவே அதைத்தான் மறந்தேன்.

கரும்பைப் பற்றிப் பேசினால் டோங்காட் ஹ்யூலெட் என்ற சர்க்கரை நிறுவனத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றதிலிருந்து, நம் மக்கள் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் நட்டது கரும்பு. டோங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கம் என்று வடகரையில் தமிழ்க் கோயில்கள் நிற்கும் இடமெல்லாம் பக்கத்தில் கரும்புக்காடு இருந்த இடம். அந்த மண்ணின் பெயரைத் தாங்கிய பழைய சர்க்கரை நிறுவனம், 2019 மே 31-இல், தன் 2018 கணக்கை இனி யாரும் நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று தானே அறிவித்தது. மூலதனம் 350 கோடி முதல் 450 கோடி ராண்ட் வரை குறையலாம் என்பது முதல் மதிப்பு. மறுகணக்கு முடிந்தபோது அது ஏறக்குறைய 1,200 கோடியில் வந்து நின்றது. வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அந்த நவம்பரில் வெளியான விசாரணை முடிவுகளைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நில விற்பனை வருமானத்தை உரிய காலத்துக்கு முன்பே எழுதியது, செலவாகக் காட்ட வேண்டியதைச் சொத்தாகக் காட்டியது, நிற்கும் கரும்பின் மதிப்பைக் கூட்டிக் காட்டியது. எல்லாமே மதிப்பீடு நுழையும் இடங்கள். எல்லாமே பட்டன் தைக்காத சட்டைகள். 2022 பிப்ரவரியில் முன்னாள் நிர்வாகிகள் சிலர் மீதும் தணிக்கையாளர் ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம், திவாலாகாமல் காப்பாற்றுவதற்கான சட்டபூர்வ மீட்பு நடவடிக்கைக்குள் போனது. பல்லாயிரம் கரும்பு விவசாயிகளும் தொழிலாளர்களும் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

இந்த நாட்டில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது, நம்மவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் சாதாரணப் பங்கு வருமானத்தோடு தலைப்பு வருமானம் என்று இன்னொரு எண்ணையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஹெட்லைன் எர்னிங்ஸ் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். கட்டடத்தை விற்ற லாபம், முதலீட்டுச் சொத்தின் மதிப்பு ஏற்றம், சொத்து மதிப்பிழப்பு போன்றவற்றை நீக்கிய எண் அது. சாதாரண எண் தலைப்பு எண்ணைவிட மிகப் பெரிதாக இருந்தால், லாபத்தில் ஒரு பகுதி தொழிலிலிருந்து வரவில்லை, வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம். கரும்பு போன்ற உயிருள்ள சொத்தின் மதிப்பு மாற்றத்தை இந்த எண் நீக்குவதில்லை. வேளாண் நிறுவனத்தில் தலைப்பு வருமானத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கரும்பின் குறிப்பைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

நிறுவனங்களுக்கான நிர்வாக நெறியிலும் இந்த நாடு உலகத்தின் முன்னோடிகளில் ஒன்று. நீதிபதியாக இருந்த மெர்வின் கிங் தலைமையில் முதல் அறிக்கை 1994-லேயே வந்துவிட்டது. நான்காவது, 2016-இல். கடைப்பிடி, எப்படிக் கடைப்பிடிக்கிறாய் என்றும் விளக்கு என்பது அதன் அடிப்படை. நான் அந்த அறிக்கைகளை மதிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தயார். ஆனால் 2017 டிசம்பர் 5-ஆம் தேதி இரவு, மரச்சாமான் வியாபாரத்தில் பெரிய நிறுவனமான ஸ்டெயின்ஹாஃபின் செய்தி வந்தது. கணக்கில் முறைகேடுகள் என்ற அறிவிப்பு, தலைமை நிர்வாகியின் விலகல், மறுநாள் பங்கு விலை ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் சரிவு. பிறகு நடந்த விசாரணை, 2009 முதல் 2017 வரை 650 கோடி யூரோ அளவுக்குப் போலியான அல்லது முறைகேடான பரிவர்த்தனைகள் நடந்ததாகச் சொன்னது. அந்த நிறுவனமும் ஆண்டுதோறும் நிர்வாக நெறி அறிக்கை அச்சிட்டுக் கொடுத்த நிறுவனம்தான். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியும் அதில் பணம் போட்டிருந்தது. எங்கள் சீட்டில் இருக்கும் இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள், பங்கையே வாங்காமல், அந்தச் சரிவில் பங்குதாரர்கள்.

சரி, வீட்டுப் பணத்தைப் போடுகிறவர் என்ன செய்யலாம்? எங்கள் மண்டபத்தில் 2016 முதல் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

தமிழ் வகுப்பு முடிந்ததும் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓர் ஆண்டறிக்கையை எடுத்து எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம். பங்குதாரர் கேட்டால் ஆண்டுக் கணக்கின் ஒரு பிரதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது. முதலில் அக்கா தன் நோட்டில் இரண்டு கோடு போட்டு, ஐந்து ஆண்டு லாபத்தை ஒரு பக்கமும் தொழிலிலிருந்து வந்த காசை மறுபக்கமும் எழுதுவார். ஓர் ஆண்டு விலகினால் பரவாயில்லை, காரணம் இருக்கும். மூன்று ஆண்டு தொடர்ந்து விலகினால் அந்த நிறுவனத்தை மூடி வைத்துவிடுகிறோம். விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எங்களுக்கு வேறு நிறுவனம் கிடைக்கும்.

அப்புறம் தணிக்கையாளர் அறிக்கை. 2012-இல் அதில் சில பத்திகள்தான் இருக்கும், எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம். 2016 டிசம்பர் 15-இலும் அதற்குப் பிறகும் முடியும் கணக்காண்டுகளிலிருந்து, பட்டியலிட்ட நிறுவனங்களில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி கட்டாயம். தணிக்கையாளருக்கு எது அதிகம் கவலை கொடுத்தது, அதற்கு என்ன செய்தார் என்று அவரே எழுத வேண்டும். முதலீட்டாளருக்குக் கிடைத்த மாற்றங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆண்டறிக்கையில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இதையாவது படியுங்கள். போன ஆண்டு எழுதியதையும் இந்த ஆண்டு எழுதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக ஒன்று நுழைந்திருந்தால், சம்பந்தப்பட்ட குறிப்புக்குப் போங்கள். அதே அறிக்கையின் கடைசியில், அந்தத் தணிக்கை நிறுவனம் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது என்ற வரி இருக்கும். புகாரளிக்க வேண்டிய முறைகேடு ஏதாவது கண்டு, தணிக்கையாளர்களுக்கான ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதியிருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். அந்த வரியைக் கண்டால் நாங்கள் அன்றைக்கு வேறு எதையும் படிப்பதில்லை.

தணிக்கையாளர் மாறினாலே பயப்படுகிறவர்கள் உண்டு. பத்து ஆண்டுக்கு மேல் ஒரே தணிக்கை நிறுவனம் இருக்கக் கூடாது என்று வாரியம் கொண்டுவந்த விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மே மாதக் கடைசியில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் பல நிறுவனங்கள் விதிக்காகவே மாறிவிட்டன. அது ஒழுங்கான மாற்றம். முன்கூட்டியே அறிவித்து, பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு, கணக்காண்டு முடிந்து நடக்கும். கவலைப்பட வேண்டியது கணக்கு வெளிவரும் வாரத்தில் நடக்கும் விலகல். எங்கள் 90,000 ராண்ட் போனது அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்.

பொதுக்கூட்டத்துக்குப் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பங்கு தரகர் பெயரில் இருந்தால், அவரிடமிருந்து பிரதிநிதித்துவக் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் முன்னதாகக் கேளுங்கள், கடைசி நிமிடத்தில் கேட்டால் கிடைக்காது. தணிக்கையாளரை நியமிப்பதும், தணிக்கைக் குழுவின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் அந்தக் கூட்டத்தில் பங்குதாரர் ஓட்டில்தான். மூன்று பேருக்குக் குறையாத அந்தக் குழுதான் நம் சார்பில் தணிக்கையாளரோடு உட்கார்ந்து பேசுகிறது.

2018-இல் டர்பனை அடுத்த உம்லாங்காவில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்துக்கு அக்காவும் நானும் போனோம். பெரிய கூடம், ஏழெட்டுப் பேர்தான். மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே குறைவு. தலைவர் கேள்வி உண்டா என்று கேட்டுவிட்டு அடுத்த தீர்மானத்துக்குத் தாளைப் புரட்டினார். அக்கா எழுந்து நின்றார். பட்டு உடுத்தியிருந்தார், கையில் கோடு போட்ட அதே நோட்டு. "பில் போடாத வேலை என்று குறிப்பில் காட்டியிருக்கிறீர்கள். அதில் ஆறு மாதத்துக்கு மேல் பில் போடாமல் கிடப்பது எவ்வளவு?" என்று தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார். கூடம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நிதி இயக்குநர் மரியாதையாகவே பதில் சொன்னார்: அந்த விவரம் வெளியிடப்படவில்லை, வெளியிடாத தகவலை இங்கே சிலருக்கு மட்டும் சொல்ல முடியாது. சரியான பதில். எல்லா முதலீட்டாளருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டிய தகவல் அது. அடுத்த ஆண்டறிக்கையில் அந்த விவரம் அட்டவணையாக வந்தது. அந்த ஆண்டுதான் வருமானம் பற்றிய புதிய தரமும் நடைமுறைக்கு வந்தது என்பதால், எங்கள் கேள்வியால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தணிக்கைக் குழுத் தலைவர் அன்று அந்தக் கேள்வியைத் தன் தாளில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

அக்காவுக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. குறிப்புகளின் சின்ன எழுத்தைப் பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள். அவள் இந்த ஆண்டு ஒரு தணிக்கை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் முதல் தடவையாக ஸ்டாக் எண்ணிப் பார்க்க ஒரு கிடங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் திறந்து பார்த்தியா?" என்றார் அக்கா.

"நாலு பெட்டி திறந்தேன், ஆயா."

"எத்தனைல?"

"நாப்பதுல."

"மத்த 36-ஐ யாரு பார்த்தாங்க?"

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விலை அதிகமான இரண்டையும், பட்டியலைப் பார்க்காமல் தானே கைவைத்துத் தேர்ந்தெடுத்த இரண்டையும் எப்படித் திறந்தாள் என்று தன் ஆயாவுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.